கட்டடத்துக்கு ஆள் உண்டு, எண்ணெய்க்கு?

சோழர் காலத்தில் கோயிலில் அணையாத நந்தா விளக்கு ஏற்ற ஆசைப்பட்டவர், விளக்கை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது. கூடவே 96 ஆடுகளையும் ஒப்படைக்க வேண்டும். சில ஊர்களில் 90. அந்த மந்தையை மன்றாடி எனப்படும் இடையர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலில் அளப்பார். கிழட்டு ஆடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும். கணக்கில் ஆடு குறையாது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான். கொடுத்தவர் பெயர், ஏற்றவர் பெயர், அளவு எல்லாம் கல்லில் இருக்கும். விளக்கைத் தருபவரே அது எரியும் செலவுக்கும் வழி செய்தார்.

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் இருக்கும் தீர்த்தமலையும் பழைய சிவத்தலம். அருணகிரிநாதர் பாடிய ஊர். அந்த மாதிரி ஓர் ஊரில் இன்று நான்கைந்து இளைஞர்கள் கூடி, "நம்ம பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தலாம், ஒரு படிப்பகம் வைக்கலாம்" என்று கிளம்பினால் என்ன ஆகும்? முதல் பேச்சே கட்டடத்தைப் பற்றித்தான் இருக்கும். யாரிடம் கேட்டால் கட்டிக் கொடுப்பார்கள்? எம்.எல்.ஏ. நிதியா, எம்.பி. நிதியா, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணமா? வகுப்பெடுக்கும் பெண்ணுக்கு மாதாமாதம் யார் சம்பளம் தருவது, மின்கட்டணம் யார் கட்டுவது என்ற கேள்வி திறப்பு விழா முடிந்த பிறகுதான் வரும். ரிப்பன் வெட்டியதோடு பூட்டு விழுந்த சமுதாயக் கூடங்களைப் பார்க்காதவர் தமிழ்நாட்டுக் கிராமத்தில் யார் இருக்கிறார்கள்?

இதற்கு ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நிதி தருகிறவர்களுக்கும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்தான் பிடிக்கும். பெயர்ப்பலகை மாட்டச் சுவர் வேண்டுமே! ஆசிரியையின் சம்பளத்தில் எந்தப் பலகையை மாட்டுவது?

இதற்கு நேர்மாறாகப் பணம் செலவான ஒரு திட்டம் இதே மாவட்டத்தில்தான் தொடங்கியது. பலருக்கு மறந்தே போயிருக்கும். 1989 செப்டம்பரில், கிருஷ்ணகிரி இன்னும் பிரியாத பழைய தருமபுரி மாவட்டத்தில், தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் ஆரம்பமானது. உதவியது ரோமில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேச வேளாண் மேம்பாட்டு நிதியம், ஐ.நா. அமைப்பு. நடத்தியது 1983-ல் உருவான தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாட்டில் விதை விழுந்தது இங்கேதான். நபார்டு வங்கி நாடு தழுவிய அளவில் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியதே 1992-ல்தான்.

அந்தத் திட்டத்தில் முதலில் பணம் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் சேர்ந்தார்கள். கூட்டம் போட்டார்கள், சிறுகச் சிறுகச் சேமித்தார்கள், தங்களுக்குள் கடன் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாவற்றையும் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுத வைத்தார்கள். ஊக்குநர் என்று ஒருவர், பிரதிநிதிகள் என்று இருவர். அந்தப் புத்தகங்களைப் பார்த்த பிறகுதான் வங்கி மேலாளர் நாற்காலி போட்டார். இப்போதும் புதிய குழுவுக்குச் சில மாத நடவடிக்கையைப் பார்த்துத் தர மதிப்பீடு செய்த பிறகே சுழல்நிதி கிடைக்கிறது. வெளியிலிருந்து வந்த பணத்தில் ஒரு பங்கு எதற்குப் போனது தெரியுமா? தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் ஊர் ஊராகப் போய், அந்தப் பெண்களோடு உட்கார்ந்து, கணக்கு எழுதப் பழக்குவதற்கு. அதாவது ஆட்களின் நேரத்துக்கு. அதில் யார் பெயரையும் பொறிக்க முடியாது. திட்டம் சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவியது. 1997-98-ல் மாநில அரசு தன் சொந்த நிதியிலேயே 'மகளிர் திட்டம்' என்று எடுத்துக்கொண்டது. ஆரம்பித்து வைத்த பணம் நின்ற பிறகும் குழுக்கள் நிற்கவில்லை.

இன்னோர் உதாரணமும் அரூர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே போனபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்துகொண்டிருந்தன. பெரிய நிறுவனங்களின் நிதிக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. நண்பர்கள் கொடுத்த பணம், மலைவாசி மக்களின் உழைப்பு, ஒரு கூரைக் குடிசை. அதில் தொடங்கியது பழங்குடியினர் நல முன்முயற்சி. வெளியூரிலிருந்து செவிலியர்களைக் கூட்டிவராமல், அந்த ஊர்ப் பெண்களையே பழக்கினார்கள். பிறகு மருத்துவமனை வளர்ந்தது. இயற்கை விவசாயிகள் சங்கம் வந்தது. லம்பாடிப் பெண்களின் பூத்தையலைப் புதுப்பித்த 'போர்கை' என்ற அமைப்பு வந்தது. குழந்தை இறப்பு பெருமளவு சரிந்தது. நன்கொடைகளும் பின்னால் வந்தன. ஆனால் வந்த பணத்தை வாங்கிச் செலவழிக்க ஓர் இடம் அதற்கு முன்பே இருந்தது.

இன்றைய விதிகளும் ஒரு வகையில் இதையே கேட்கின்றன, கொஞ்சம் முரட்டுத்தனமாக. சங்கமாகப் பதிவு செய்வது எளிது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். அதற்குப் பிறகுதான் படிகள். பான் எண், வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி என்று அறியப்பட்ட வருமான வரித் துறையின் வரிவிலக்குப் பதிவுகள், நிதி ஆயோக்கின் தர்பண் எண். கம்பெனிச் சட்டம் 2013-இன் 135-வது பிரிவுப்படி பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெறும் அமைப்பு 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சாதாரணச் சங்கமென்றால் மூன்று ஆண்டு வேலை செய்த வரலாறும் வேண்டும். போதாததற்கு, கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஓசூருக்கு டைட்டன் இருக்கிறது, அசோக் லேலண்டு இருக்கிறது, டி.வி.எஸ். இருக்கிறது. தீர்த்தமலைக்கு மலைதான் இருக்கிறது.

வெளிநாட்டு நன்கொடை இன்னும் கெடுபிடி. மூன்று ஆண்டு வயது, அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவழித்த கணக்கு இரண்டும் இருந்தால்தான் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் வந்து விழ வேண்டியது புதுடெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். வாங்கிய பெரிய நிறுவனம் அதைச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. அரூரில் இருக்கும் சின்னச் சங்கத்துக்குச் சென்னைத் தொண்டு நிறுவனம் வழியாக வந்துகொண்டிருந்த வாய்க்காலை அந்த ஒரு வரி அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். மருத்துவர், ஆசிரியர் சம்பளம் இதில் சேராது. கணக்கர், அலுவலக வாடகை சேரும். தணிக்கையைக் கடுமையாக்கிவிட்டு, கணக்கு எழுதுகிறவரின் சம்பளத்தில் கை வைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. முறைகேடு செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்களிடம் நல்ல ஆடிட்டர்களும் இருந்தார்கள்.

ஆக, நேற்றுத் தொடங்கிய குழுவுக்குத் திறந்திருக்கும் கதவு உள்ளூரில்தான். 'நமக்கு நாமே' திட்டம் 1997-98-ல் பிறந்து, இடையில் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறி, 2021-22-ல் பழைய பெயருக்கே திரும்பியது. ஆட்சி மாறினால் பெயர் மாறும், சாரம் மாறாது: ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். கிராமப்புறத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்களுடையது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு அதைவிடக் குறைவு. ஒன்பது லட்ச ரூபாய் வேலையென்றால் ஊர் மூன்று லட்சம் திரட்ட வேண்டும். பாதியோ அதற்கு மேலோ கொடுத்தால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யலாம். ஒப்பந்ததாரர் யார் என்ற வம்பு இல்லை. மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகும், ஒன்றியப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், நிர்வாக அனுமதி வரும். 2016-17-ல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டத்திலும் இதே யோசனைதான் இருந்தது. ஏரி தூர்வார விவசாயிகளின் பங்கு 10 சதவீதமாக இருந்தது. பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர முடிந்தது.

ஆனால் இவையும் கட்டடத்துக்கும் கரைக்கும்தான். படிப்பகம் எழும்பும், அதை நாள்தோறும் திறக்கும் ஆள் எழும்ப மாட்டார். எனவே மனுவில் எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடும் 'பராமரிப்பு' பத்தியைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சாவி யாரிடம், மின்கட்டணம் எந்தத் தலைப்பில், மாதச் செலவு எவ்வளவு, அதில் ஊராட்சி எதை ஏற்கும், ஊர்ச் சந்தா எதை ஏற்கும்? கட்டட நன்கொடை வசூலுக்குக் கிளம்பும்போதே அதில் ஒரு பகுதியை நிரந்தர வைப்பாக வங்கியில் போட்டு வட்டியை மட்டும் எடுத்தால் என்ன? பேராட்டுக் கணக்கு தெரிந்த ஊர்களுக்கு இது புதிய யோசனையா?

கட்டடம் இல்லாமலேயே தொடங்குவது இன்னும் நல்லது. பள்ளித் திண்ணையோ வேப்பமரத்தடியோ போதும். ஓராண்டு வகுப்பு நடத்தி வருகைப் பதிவேடு, வரவு செலவுப் புத்தகம், ரசீதுகள் வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டு வரலாறு கேட்கிறவர்களுக்கு முதல் ஆண்டு தயாராகிவிடும். அந்தப் புத்தகத்தோடு கிராம சபைக்குப் போக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. படிப்பகம் வேண்டும் என்று மட்டும் தீர்மானம் போட்டு வந்துவிடாமல், கட்டிய பிறகு மின்கட்டணத்தை ஊராட்சி ஏற்கும் என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்ல வேண்டும். கையெழுத்து ஆன பிறகு நகல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊராட்சிச் செயலர் "அப்புறம் வாங்க தம்பி" என்பார். அன்றைக்கே வாங்கிவிடுவது உத்தமம்.