டொக்மாவும் பிடிவாதமும்

ஆங்கிலத்தில் ஒருவரை ‘டொக்மற்றிக்’ என்றால் அது பாராட்டு அல்ல. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர், ஆதாரம் கேட்டால் சினப்பவர் என்பதே பொருள். ஆயினும் அதே சொல்லைத் திருச்சபை மதிப்புடன் ஆள்கின்றது. 2ஆம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் ஆங்கிலத் தலைப்பிலேயே அச்சொல் உண்டு.

இதன் மூலம் ‘டொக்மா’ என்னும் கிரேக்கச் சொல். சரியெனத் தோன்றியது என்பது வேர்ப்பொருள். பின்னர் தீர்மானம், கட்டளை என விரிந்தது. லூக்கா நற்செய்தியில் மக்கள் தொகையைக் கணக்கிட அகுஸ்து சீசர் இட்ட கட்டளையும் டொக்மாவே. எருசலேமில் திருத்தூதர்களும் மூப்பர்களும் எடுத்த தீர்மானங்களைத் திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் இதே சொல்லால் குறிக்கின்றது. அவை பிறந்த விதத்தை 15ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். முதலில் கடும் விவாதம். பேதுரு எழுந்து பேசுகின்றார். பர்னபாவும் பவுலும் பேசுகையில் சபை முழுவதும் அமைதியாய்ச் செவிமடுக்கின்றது. அதன் பின்னரே, பிற இனத்து விசுவாசிகள்மேல் விருத்தசேதனச் சுமையை ஏற்றுவதில்லை என முடிவாகின்றது. தலைமுறை தலைமுறையாய்க் காத்த வழக்கம் அங்கே வழிவிட்டது.

அன்னை மரியாளின் விண்ணேற்பைப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் விசுவாச சத்தியமாக அறிவித்தது 1950 நவம்பர் 1இல். அதற்கு முன், 1946இலேயே, உலக ஆயர்களுக்கு மடல் எழுதி, அவர்களதும் அவர்தம் குருக்கள், மக்களதும் மனத்தை வினவியிருந்தார்.

அகராதி குறைகூறும் மனிதரோ கேட்பதற்கு முன்பே முடித்துவிடுகின்றார். அவரைத் தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை. மகளுக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் நம் வீட்டு விறாந்தையிலேயே அமர்ந்திருப்பார். மாப்பிள்ளை கத்தோலிக்கர், ஒரே பீடத்தில் நற்கருணை பெறுபவர், நல்ல உழைப்பாளி. ஆயினும் ‘அந்தப் பகுதி எங்களுக்குச் சரிவராது’ என்ற ஒரே வாக்கியத்தில் பேச்சு முடிகின்றது. சாதி என்ற சொல்லைக்கூட எவரும் உச்சரிப்பதில்லை. எந்தச் சங்கமும் அறிவிக்காத கோட்பாடு இது. விசுவாசப் பிரமாணத்தைத் தடுமாறிச் சொல்வோரும் இதைத் தடுமாறாமல் சொல்கின்றனர்.

ஏன் அப்பா என்று மகள் கேட்கிறாள். ‘எங்கள் வழக்கம்’ என்கிறார் அப்பா. கிறிஸ்துவில் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் உரிமைக் குடிமகனென்றும் வேறுபாடில்லை எனப் பவுல் கலாத்தியருக்கு எழுதியதை, அவர் அனுப்பிய மறைக்கல்வி வகுப்பில்தான் அவள் படித்தாள்.