பனிக்குள் ஒரு பண்ணை வீடு

டிசம்பர் நெருங்கிவிட்டால் அமெரிக்க நாட்டுப் புத்தகக் கடைகளில் ஒருவகை நாவல்கள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். அட்டைப்படத்தைக் கண்டதுமே கதை விளங்கிவிடும்: பனி மூடிய மலை, மரத்தாலான வீடு, சன்னலில் விளக்கொளி, அகன்ற தொப்பி அணிந்த இளைஞன், அருகே ஒரு குதிரை. ‘ரான்ச்’ எனப்படும் பெரிய மாட்டுப் பண்ணைகளைக் களமாகக் கொண்ட கிறிஸ்துமஸ் காதல் கதைகள் இவை.

கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். நகரத்திலிருந்து மனம் நொந்து வருகிறாள் ஒரு பெண். பனிப்புயல் பாதையை அடைத்துவிட, முன்பின் அறியாத பண்ணையொன்றில் தங்க நேர்கிறது. பண்ணைக்காரனோ மனைவியை இழந்தவன். தாயில்லாப் பிள்ளை ஒன்றும் பெரும்பாலும் உண்டு. போதாததற்கு வங்கிக் கடன். கிறிஸ்து பிறப்பு விழா விடிவதற்குள் எல்லாம் நேராகிவிடும். முதற்பக்கத்திலேயே முடிவு தெரிந்த கதையை ஏன் இத்தனை பேர் விரும்பிப் படிக்கின்றனர்?

மேற்கத்திய மாடு மேய்ப்பனுக்கும் கிழக்கிலிருந்து வரும் படித்த பெண்ணுக்கும் காதல் என்பது புதிதன்று. ஓவன் விஸ்டர் 1902-இல் எழுதிய ‘த வர்ஜீனியன்’ நாவலிலேயே அது உண்டு. கனடாவில் 1949-இல் தொடங்கிய ஹார்லெக்குவின் பதிப்பகம் 1976-இல் வெளியிட்ட ஜேனட் டெய்லியின் முதல் நாவலும் டெக்சாஸ் பண்ணைக் கதையே. கிறிஸ்தவ நம்பிக்கையைத் தழுவிய காதல் கதைகளுக்கென்றே 1997-இல் ‘லவ் இன்ஸ்பயர்டு’ என்ற தனி வரிசையும் பிறந்தது. அதில் விரசத்துக்கு இடமில்லை. தாயும் மகளும் ஒரே பிரதியை மாற்றி மாற்றிப் படிக்கலாம்.

ஆனால் இக்கதைகளின் கதகதப்புக்குப் பின்னால் ஒரு கொடிய குளிர் இருக்கிறது. 1886-87 குளிர்காலத்துக்கு முன்பு, மொன்டானா, வயோமிங் பகுதிகளில் மந்தைகளைத் திறந்த வெளியில் விட்டுவிடுவர். தீவனம் சேமிப்பவர் அரியர். அவ்வாண்டு புல்வெளியெங்கும் பனி இறுகிப்போய், மாடுகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. மந்தை எப்படியிருக்கிறது என்று முதலாளி கடிதம் எழுதிக் கேட்டார். அங்கு வேலை பார்த்த சார்ல்ஸ் ரஸ்ஸல் என்ற இளைஞர், எலும்புந்தோலுமாய் நிற்கும் ஒற்றை மாட்டையும் அதைச் சுற்றிக் காத்திருக்கும் ஓநாய்களையும் ஓர் அட்டையில் வரைந்து கொடுக்க, அதுவே பதிலாகச் சென்றது. அதைவிட விரிவான பதில் வேறென்ன வேண்டும்?

அதன்பின் பண்ணையாளர்கள் பாடம் கற்றனர். கோடையில் புல்லறுத்து உலர்த்திப் போராக அடுக்கினர். பனிக்காலத்தில் நாள்தோறும் யாராவது அதை மாடுகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைக்கவும் வேண்டும். கிறிஸ்துமஸ் காலையிலும் அப்படித்தான். மாட்டுக்குப் பண்டிகை ஏது!

இந்நாவல்களில் நல்லவை அந்த வேலையை மறப்பதில்லை. விளக்குகள் மின்னும் மரத்தடியில் நிகழும் காதலைவிட, விடியுமுன் இருவரும் கையுறை மாட்டிக்கொண்டு தீவனம் ஏற்றப் போகும் இடமே எனக்கு மெய்யாகத் தோன்றுகிறது. ஈன்ற கன்றைக் கோணிச்சாக்கால் துடைத்துக் காப்பாற்றுகிறவன் எத்தகையவன் என்று அவளுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடுதியில் இடமின்றித் தீவனத் தொட்டியருகே கழிந்த முதல் கிறிஸ்து பிறப்பு இரவை, ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமலே நாம் நினைத்துக்கொள்கிறோம்.

குறையும் சொல்லியாக வேண்டும். நாவலில் வங்கிக் கடன் ஓர் இரவில் தீர்ந்துவிடுகிறது. 1980-களில் வட்டி ஏறி நிலவிலை சரிந்தபோது, எத்தனையோ அமெரிக்கக் குடும்பங்கள் தலைமுறை நிலத்தை ஏலத்தில் இழந்தன. எந்தப் பனிப்புயலும் அவர்களுக்கு உதவியைக் கொண்டுவரவில்லை. பண்ணையைக் காப்பாற்ற நகரத்தில் வேலைக்குப் போன மனைவியரைப் பற்றி இப்புத்தகங்களில் அரிதாகவே காண்கிறோம். இதை ஏமாற்று என்பாரும் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

ஏனெனில் இவற்றை வாசிப்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பண்டிகைக்குப் பலகாரம் செய்து, பிள்ளைகளுக்கு உடுத்தி, விருந்தினரை உபசரித்து, பாத்திரங்களைக் கழுவி முடித்த பிறகே அவர்களுக்குப் புத்தகம். செல்வந்தனைக் கைப்பிடிக்கும் கனவைத் தேடி அவர்கள் அதைத் திறப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அக்கதைகளில் வரும் பண்ணைக்காரன் பகலெல்லாம் அவள் செய்த வேலையைக் கவனிக்கிறான். மாலையில், பனியில் நனைந்த அவள் காலணிகளை, அவள் கேட்காமலே எடுத்து அடுப்பருகில் உலர வைக்கிறான்.