நாளையைப் பற்றிய கவலையும் இன்றைய அன்பும்



இரவுச் செபமாலை முடிந்து வீட்டார் அனைவரும் உறங்கிய பின்னரும் உங்கள் கண்கள் மூட மறுத்த நாட்கள் உண்டல்லவா? மகளின் திருமணம், மகனின் பரீட்சை, அடைவில் கிடக்கும் நகை, கடல் கடந்து சென்ற பிள்ளையிடமிருந்து வராத தொலைபேசி அழைப்பு என ஒவ்வொன்றாக நினைவில் எழுந்து நித்திரையைப் பறித்துவிடுகின்றன. வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி, நாளையைக் குறித்துக் கவலை கொள்ள வேண்டாமென ஆண்டவர் இயேசு கற்பித்ததை (மத்தேயு 6:25-34) நாம் அறிவோம். ஆயினும் கேட்பதற்கு இனிய இப்போதனை வாழ்வதற்குக் கடினமானது என்றே நம் உள்ளம் முணுமுணுக்கிறது. இதனைச் சிறைக்கூடத்தில் வாழ்ந்து காட்டிய ஒருவரை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

அவர் வியட்நாம் நாட்டின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுயென் வான் துவான். 8 ஆண்டுகள் ஆயராகப் பணியாற்றிய அவர், 1975ஆம் ஆண்டு ஏப்ரலில் சைகோன் உயர்மறைமாவட்டத்துக்கு நியமிக்கப்பட்டார். சில நாட்களில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையோ தீர்ப்போ இன்றி 13 ஆண்டுகள் காவலில் கழிந்தன. அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை.

அவருக்கும் கவலை வந்தது. மேய்ப்பன் இல்லாத தன் மக்களை எண்ணி அவர் துயில் இழந்தார்; தொடங்கிய பணிகள் அனைத்தும் பாழாகுமே என்று உள்ளம் வெதும்பினார். ஓர் இரவில் அவருக்குத் தெளிவு பிறந்தது. தான் ஏக்கத்துடன் நினைத்தவை இறைவனின் பணிகளே. அவற்றை வேறு கரங்களில் ஒப்படைக்க இறைவனுக்குத் தெரியும். தான் பற்றிக்கொள்ள வேண்டியவர் இறைவன் ஒருவரே என்பதை உணர்ந்தார். விடுதலை நாளை எண்ணிக் காத்திருப்பதை விட்டு, கையிலுள்ள அந்தந்த நேரத்தை அன்பால் நிரப்பத் தீர்மானித்தார்.

பின்னர் அவர் செய்தவை மிகச் சிறியவை. புனித பவுல் சிறையிலிருந்து திருமுகங்கள் எழுதியதை நினைத்து, ஒரு சிறுவன் கொண்டுவந்து கொடுத்த பழைய நாட்காட்டித் தாள்களில் தன் மக்களுக்கு இரவில் மடல்கள் எழுதினார். அவை 1001 சிந்தனைகள் கொண்ட நூலாகிப் பல மொழிகளில் வெளிவந்தன. வயிற்றுநோய் மருந்து என்ற பெயரில் வந்த திராட்சை இரசத்தில் மூன்று துளிகளையும், ஒரு துளி நீரையும் உள்ளங்கையில் ஏந்தித் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். காவலர்களிடமும் அன்பு காட்டி அவர்களை நண்பர்களாக்கினார். 1988 நவம்பர் 21இல் விடுதலை பெற்ற அவர், 2002இல் உரோமையில் இறைபதம் அடைந்தார். 2017இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

அன்பார்ந்தவர்களே, சிறைக்கதவு திறக்கும் முன்னரே அவருடைய மனக்கதவு திறந்துவிட்டது. விசுவாசம் நம் கடனை ஒரே இரவில் தீர்த்துவிடாது. நோயை உடனே அகற்றும் என்பதற்கும் உறுதியில்லை. கவலை நம்மிடமிருந்து பறித்துக்கொண்ட இன்றைய நாளை அது நமக்கு மீட்டுத் தருகிறது. பறவைகளும் விடியலில் இரைதேடிப் பறக்கின்றன அல்லவா? திட்டமிடுவதும் உழைப்பதும் நம் கடமை. முடிவைக் கையில் வைத்திருப்பவர் தந்தையாம் இறைவன்.

எனவே இன்றிரவு குடும்பச் செபத்தின்போது உங்கள் கவலைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். பின்னர் எழுந்து, இன்று செய்யக்கூடிய ஓர் அன்புச் செயலைச் செய்யுங்கள். பேசாதிருந்த சகோதரரோடு ஒரு வார்த்தை பேசலாம். நோயுற்ற அயலவருக்கு ஒரு நேர உணவு கொடுக்கலாம்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, நாளைய நாள் உமது கரத்தில் இருக்கிறது. இன்றைய நாளை அன்பினால் நிரப்ப எமக்கு வரம் தாரும். ஆமென்.