மூச்சின் எண்ணிக்கை

மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பட்டையில் வெப்பநிலை, நாடித்துடிப்பு, குருதியழுத்தம் ஆகியவற்றோடு மூச்சின் எண்ணிக்கைக்கும் ஓர் இடம் உண்டு. முன்னவற்றைக் கருவிகள் அளந்துவிடுகின்றன. மூச்சை எண்ணவோ கண்ணும் கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் வேண்டும். அதனால்தானோ என்னவோ, அவ்விடத்தில் பல வேளைகளில் எண்ணாமலே ஓர் எண் எழுதப்பட்டுவிடுகிறது. நோயாளியின் நிலை சரியத் தொடங்கும்போது முதலில் மாறுபவற்றுள் அவ்வெண்ணும் ஒன்று.

ஓய்விலிருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். நிமோனியா கண்டாலும், குருதியில் தொற்றுப் பரவினாலும், உள்ளுக்குள் குருதி கசிந்தாலும் மூளைத்தண்டு மூச்சை விரைவுபடுத்தி இழப்பை ஈடுசெய்ய முயல்கிறது. இலண்டன் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு, 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், எண்ணிக்கை 21 முதல் 24 வரை இருந்தால் 2 மதிப்பெண். 25ஐ எட்டினால் 3. 8 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலும் 3. மதிப்பெண் கூடக்கூடக் கவலையும் கூடும் தேர்வு இது.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் வீடுதோறும் அறிந்தோம். அது 97 விழுக்காடு காட்டும்போதே நோயாளி நிமிடத்திற்கு 28 முறை மூச்சிரைக்கலாம். அந்த 97ஐக் காப்பதற்காகவே அவர் உடல் போராடிக்கொண்டிருக்கக்கூடும். குளிர்ந்த விரலும் நகப்பூச்சும் கருவியைத் தடுமாறச் செய்வதும் உண்டு.

எண்ணப்போவதை நோயாளியிடம் கூறலாகாது. கூறினால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி, மார்பின் ஏற்ற இறக்கத்தை முழு நிமிடமும் எண்ணுதல் நன்று. ஒரு தொடரை முடிக்கவியலாமல் இடையில் மூச்சு வாங்குகிறாரா, கழுத்துத் தசைகள் புடைக்கின்றனவா, மார்பின் இருபுறமும் ஒன்றுபோல் விரிகின்றனவா என்றும் நோக்க வேண்டும். கடும் ஆஸ்துமாவில் இழுப்பொலி அடங்கி, நோயாளி அயர்ந்து சாய்ந்தால் அதனை நலமென்று மயங்குவோர் உண்டு. காற்றே உட்செல்லாத நிலையிலும் ஒலி அடங்கும்.

இத்தகைய அறிகுறி தென்பட்டதும் மருத்துவரை அழைத்தல் வேண்டும். காற்றுவழி அடைபட்டிருந்தால் முதலில் அதனைத் திறத்தலும், நினைவுள்ளவரை நிமிர்த்தி அமர்த்துதலும், ஆக்சிஜன் அளித்தலும் அடுத்தடுத்து நிகழும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயரில் கார்பன் டைஆக்சைடு தேங்கும் இடர் உள்ளோர்க்கு ஆக்சிஜன் செறிவின் இலக்கு 88 முதல் 92 விழுக்காடே. மிகுதியாக அளித்தால் அவர்களிடம் அத்தேக்கம் பெருகும். இவையனைத்தும் செய்த பின்னரும் கடிகாரத்தை நோக்கி மீண்டும் ஒரு நிமிடம் எண்ணி, வந்த எண்ணை நேரத்துடன் குறிக்க வேண்டும்.