பதிவேட்டில் ஏறாத பெயர்

ரயிலை விட்டு இறங்கிய ஒரு கல்லூரி அணி, பைகளோடும் மட்டைகளோடும் விடுதிக்குள் நுழைகிறது. மறுநாள் ஆட்டம். வரவேற்பு மேசையில் பதிவேடு இருக்கிறது. மாணவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் பதிந்து அறைக்குப் போக வேண்டும். ஒரு மாணவரின் முறை வந்ததும் எழுத்தர் தடுக்கிறார். மற்ற எல்லோருக்கும் இடம் உண்டு, இவருக்கு மட்டும் இல்லை என்கிறார்.

இதைப் படிக்கும்போது நம்மில் பலருக்கு நம் ஊர்க் கபடி அணியோ, பள்ளி விளையாட்டுக் குழுவோ நினைவுக்கு வரும். இது நடந்தது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்ட் என்ற ஊரில், ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன்பு. தடுக்கப்பட்டவர் பெயர் சார்லஸ் தாமஸ். அந்த அணியில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் அவர்தான்.

ஊர் பேர் தெரியாத ஒரு சிறு கல்லூரி அணியின் கதையை நாம் ஏன் இந்தப் பக்கத்தில் பேச வேண்டும்? சாதி எழுதி வைத்த சட்டத்தால் மட்டும் இயங்குவதில்லை என்பது நமக்குத் தெரியும். நிறவெறியும் அப்படித்தான் இயங்கியது. அதை உடைக்க யார் யார் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை இந்தக் கதை வரிசையாகக் காட்டுகிறது.

இருபத்தொரு வயதுப் பயிற்சியாளர்

ஒஹையோ மாநிலத்தில் டெலவேர் என்னும் சிறு நகரம். அங்கே மெதடிஸ்ட் திருச்சபையினர் 1842இல் தொடங்கிய ஒஹையோ வெஸ்லியன் கல்லூரி. அதன் பேஸ்பால் அணிக்கு 1903 வசந்த காலத்தில் பயிற்சியாளர் ஆனவர் பிராஞ்ச் ரிக்கி. அவரும் அந்தக் கல்லூரி மாணவர்தான். வயது 21. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கல்லூரிக்கு வருவதற்கு முன் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தியவர். கோடை விடுமுறையில் பணம் வாங்கிக்கொண்டு ஆடியதால், கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்தார். ஆட முடியாதவரை ஆட்டம் சொல்லிக்கொடுக்கும்படி கல்லூரி கேட்டுக்கொண்டது.

பேஸ்பால் நம் பக்கம் அதிகம் ஆடப்படாத விளையாட்டு. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்குப் புரிந்துகொள்வது எளிது. ஒரு பக்கத்துக்கு 9 பேர், 9 இன்னிங்ஸ். பந்தை எறிபவர் பிட்சர். மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்ச்சர். நம் விக்கெட் கீப்பர் போல. எந்தப் பந்தை எறிய வேண்டும் என்று விரல் சைகையால் பிட்சருக்குச் சொல்பவரும் அவரே. களத்தில் தடுத்தாடும் மற்ற எட்டுப் பேரும் அவரைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். ரிக்கியின் அணியில் அந்த இடத்தில் ஆடியவர் சார்லஸ் தாமஸ். களத்துக்குள் அவரை நம்பி அணி இருந்தது. களத்துக்கு வெளியே அவரோடு ஒரே கூரையின் கீழ் படுக்கக் கூடாது என்றது ஊர்.

சிறு கல்லூரியில் பயிற்சியாளர் வேலை மைதானத்தோடு முடிவதில்லை. ரயில் செலவு, தங்கும் இடம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பருவத்தில் ரிக்கிக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. கென்டக்கி பல்கலைக்கழக அணியோடு நடந்த ஆட்டத்தில், தாமஸைக் களத்தை விட்டு வெளியேற்றச் சொல்லி இழிசொல் கூவி எழுந்தது கூச்சல். ரிக்கி எதிரணியின் பெஞ்சுக்கே ஓடிப்போய், தாமஸ் இல்லாமல் எங்கள் அணி ஆடாது என்றார். தாமதத்துக்குப் பின் ஆட்டம் நடந்தது. தாமஸ் ஆடினார்.

சவுத் பெண்டில் நிலைமை வேறு. நோட்ர டேம் கல்லூரி அணியோடு ஆட வந்திருந்தார்கள். ஆலிவர் விடுதி தாமஸுக்கு அறை தர மறுத்தது. ரிக்கி வாதாடினார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு விடுதி இணங்கியது. தாமஸின் பெயர் பதிவேட்டில் ஏறாது. ரிக்கியின் அறையிலேயே ஒரு கட்டில் போட்டு அவர் படுத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு அறையில் தாமஸ் அழுதார். தன் கைகளின் தோலைத் தேய்த்துத் தேய்த்து, இந்த நிறத்தை உரித்து எடுக்க முடிந்தால் போதும் என்பது போல் இருந்தார். இது ரிக்கி பின்னாளில் பல மேடைகளில் திரும்பத் திரும்பச் சொன்ன காட்சி.

சட்டம் இருந்தது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ரிக்கியின் நல்ல மனத்தோடு நிறுத்திவிடுவார்கள். நாம் அதோடு நிறுத்த முடியாது. இந்தியானா மாநிலத்தில் 1885லேயே ஒரு குடியுரிமைச் சட்டம் இருந்தது. விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அதாவது, ஆலிவர் விடுதி செய்தது அந்த மாநிலச் சட்டப்படியே தவறு. வரவேற்பு மேசையில் அந்தச் சட்டத்துக்கு வேலை இருக்கவில்லை. உரிமையாக வர வேண்டிய அறை, சலுகையாக ஒரு கட்டிலாகச் சுருங்கியது.

நம் நாட்டில் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் விடுதி, உணவகம், கடை எதிலும் தீண்டாமை கூடாது என்கிறது. அதற்குப் பிறகும் எத்தனை ஊர்களில் எத்தனை தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. இரட்டைக் குவளைக்கு அரசாணை எதுவும் இல்லை. அமெரிக்கப் பேஸ்பாலிலும் கறுப்பர் ஆடக் கூடாது என்று விதிப்புத்தகம் எதுவும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதே ஒஹையோவின் ஓபர்லின் கல்லூரியில் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினக் கேட்ச்சர் 1884இல் டொலீடோ அணிக்காக உயர்மட்டப் போட்டிகளில் ஆடினார். பிறகு அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசாமல் பேசிக்கொண்டார்கள். அதன்பின் 1947 வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, எந்தக் கறுப்பரும் அந்தக் களத்தில் கால் வைக்க முடியவில்லை.

நல்ல மனமும் இயக்கமும்

ரிக்கி பிறகு பெரிய அணிகளின் நிர்வாகி ஆனார். செயின்ட் லூயிஸ் நகரத்தின் கார்டினல்ஸ் அணியில் 1942 வரை இருந்தார். அந்த நகர மைதானத்தில் கறுப்பின ரசிகர்கள் தனிப் பகுதியில்தான் உட்கார வேண்டும். அந்த ஏற்பாடு அவர் அங்கிருந்த காலம் முழுதும் நீடித்தது. அறையில் அழுத மாணவரை மறக்காதவரும், தன் அணி ஆடிய மைதானத்தின் பிரிவினைக் கோட்டை அழிக்கவில்லை.

பின்னர் அவர் நியூயார்க்கின் புருக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு வந்தார். 1945இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்தார். சவுத் பெண்ட் இரவுதான் தன்னை இதற்குத் தள்ளியது என்று சொன்னார். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த 42 ஆண்டுகளில் கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் தங்களுக்கென்று தனி லீக் அமைத்து ஆடினார்கள். வெண்டல் ஸ்மித், சாம் லேசி போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி முதலாளிகளைத் துளைத்தார்கள். வேலையில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1945இல் நியூயார்க் மாநிலத்தில் வந்தது. அதன் பிறகே ஒப்பந்தம் வந்தது. அதிலும், ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு காசும் இழப்பீடாகத் தரவில்லை.

1947 ஏப்ரல் 15 அன்று புருக்ளினின் எபெட்ஸ் மைதானத்தில் ராபின்சன் இறங்கினார். அந்த மைதானம் திறக்கப்பட்டது 1913இல். அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க்குக்கு வந்ததும் அதே ஆண்டுதான். ராபின்சன் களமிறங்கிய இரண்டு வாரத்தில், 1947 ஏப்ரல் 29 அன்று, தில்லியில் அரசியல் நிர்ணய சபை தீண்டாமை ஒழிப்புப் பிரிவை ஏற்றது. அதுவே பின்னர் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவாக வந்தது.

அடுத்த மாதம் டாட்ஜர்ஸ் அணி பிலடெல்ஃபியா நகருக்குப் போனது. அணி வழக்கமாகத் தங்கும் விடுதி, ராபின்சன் இருப்பதால் இடமில்லை என்றது. இந்த முறை யாரும் தனியாகக் கட்டில் கேட்கவில்லை. மொத்த அணியும் வேறு விடுதிக்குப் போனது. அந்த ஆண்டு ராபின்சனுக்கு இழைத்த அவமதிப்புக்கு அந்த நகர மன்றம் 2016இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. வேறு நகரங்களில் ராபின்சன் இன்னும் பல ஆண்டுகள் தனியிடத்தில் தங்க நேர்ந்தது என்பதும் உண்மை.

யார் சொல்லிக்கொடுப்பது?

ராபின்சன் புகழ் பெறுவதற்கு முன், 1945இல், டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் சாமுவேல் ஹூஸ்டன் என்ற சிறு கறுப்பினக் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, ராணுவத்தில் இருந்தபோது, பேருந்தின் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னதை மறுத்தவர் அவர். அதையொட்டி ராணுவ நீதிமன்ற விசாரணை நடந்து, குற்றமற்றவர் என்று விடுதலையானார். அந்தக் கையோடு மாணவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்க வந்தார்.

1972 அக்டோபரில் தன் கடைசிப் பொது மேடையில் அவர் ஒன்றை வற்புறுத்தினார்: பெரிய அணிகளில் ஒரு கறுப்பர் மேலாளராக இருப்பதைப் பார்க்க வேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்தின்போது அணியை நடத்துபவரே மேலாளர். ஒன்பது நாளில் ராபின்சன் இறந்துபோனார். 1975இல்தான் ஃப்ராங்க் ராபின்சன் கிளீவ்லாந்து அணிக்கு முதல் கறுப்பின மேலாளர் ஆனார். ஆட விடுவதற்கும் அணியை ஒப்படைப்பதற்கும் நடுவே 28 ஆண்டுகள் பிடித்தன.

நம்மிடமும் இந்தக் கணக்கு உண்டு. செருப்புத் தைக்கும் சமூகத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார். இளம் வயதில் புனேயில் ஆடியபோது அவருக்குத் தேநீர் கொடுத்தது வெளியே, தனி மண்குவளையில். பாம்பாய் இந்து அணிக்கு அவரைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அந்தப் பொறுப்பு கிடைத்தது. அதுவும் போராட்டம் இல்லாமல் வரவில்லை.

சார்லஸ் தாமஸ் என்ன ஆனார்? பல் மருத்துவம் படித்தார். நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் பல்லாண்டுகள் மருத்துவம் பார்த்தார். ரிக்கியோடு கடைசிவரை நட்பாக இருந்தார். இந்த வாழ்க்கையை யாரும் அதிகம் சொல்வதில்லை. அழுத இரவை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். நம் மக்களைப் பற்றிய கதைகளிலும் இதுதான் நடக்கிறது. அழுகை நம்முடையது, அதைச் சொல்லி நல்ல பெயர் வாங்குவது வேறொருவர். தாமஸை நாம் மருத்துவராகவும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் மாணவர்கள் இப்போது கபடிக்கும் வாலிபாலுக்கும் தடகளத்துக்கும் வெளியூர் போகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் அணித் தலைவர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது சில செய்திகள்தான். தங்கும் இடத்திலும் பந்தியிலும் அணியைப் பிரிக்க யாராவது முயன்றால், தனியாக ஒருவருக்கு மட்டும் இடம் பார்க்காதீர்கள். முழு அணியும் ஒன்றாக நில்லுங்கள், ஒன்றாக வெளியேறுங்கள். என்ன நடந்தது, யார் சொன்னார், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். புகார் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு ஒரே அணிச் சட்டையைப் போடுவதில் பொருளில்லை என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. ஆட்டத்தில் தேர்ந்ததோடு நின்றுவிடாதீர்கள். உடற்கல்விப் படிப்பு படியுங்கள், பயிற்சியாளர் சான்றிதழ் வாங்குங்கள், நடுவர் தேர்வு எழுதுங்கள். அணியைத் தேர்வு செய்யும் மேசையிலும் நம்மவர் இருக்க வேண்டும்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று அமெரிக்கப் பேஸ்பால் வீரர்கள் அனைவரும் ராபின்சனின் 42ஆம் எண் சட்டையை அணிந்து ஆடுகிறார்கள். நமக்கோ அது அண்ணல் பிறந்தநாளுக்கு மறுநாள். ஏப்ரல் 14 அன்று ஊர்தோறும் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறோம். அடுத்த முறை பரிசளிப்புக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, பல்வங்கர் பாலுவைப் பற்றியும் சார்லஸ் தாமஸைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுவோம். வெளியூர் போகும் எந்த அணியிலும் எல்லோருடைய பெயரும் பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு அறைச் சாவியை வாங்குவோம்.