மெஷின் பறக்குது... ரேட் இறங்குமா?

நாளைக்குக் காலையில ஜூரி. இன்னிக்கு ராத்திரி ப்ளாட்டர் கடையில க்யூ! ஆர்க்கிடெக்சர், சிவில் படிக்கிற மக்களுக்கு இந்த அவஸ்தை நல்லாவே தெரியும். 'ஏ1 கலர் ஷீட்டுக்குக் கொடுக்கிற காசுல மெஸ் பில்லே கட்டிடலாம்' என்று புலம்பும் கோஷ்டியா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான்.

பழைய ப்ளாட்டர் ஏன் ஆமை மாதிரி ஊருது? மை தெளிக்கும் ஹெட், தறியில ஓடும் நாடா போல இங்கேயும் அங்கேயும் ஓடிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பேப்பர் கொஞ்சூண்டுதான் நகரும். புது ரக மெஷின்களில் ஹெட் அசையுறதே இல்லை. பேப்பரின் முழு அகலத்துக்கும் மைத் துளைகளை வரிசையா அடுக்கிட்டாங்க. பேப்பர் மட்டும் ஒரே ஓட்டமா ஓடி வெளியே வந்துடும். 2015-ல் ஹெச்.பி. அறிமுகப்படுத்திய 'பேஜ்வைட் எக்ஸ்.எல். 8000' மெஷினின் உச்ச வேகம், நிமிஷத்துக்கு 30 ஏ1 ஷீட்!

'அப்போ ரேட்டும் அதே மாதிரி சரியணுமே' என்கிறீர்களா? அங்கேதான் ட்விஸ்ட்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். பழைய மெஷினின் தவணை, கரன்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து மணிக்கு 600 ரூபாய். மணிக்கு 10 ஷீட் என்றால், ஷீட்டுக்கு 60. பேப்பர், மைக்கு 40. ஆக 100 ரூபாய். புது மெஷினுக்கு மணிக்கு 3,000 ரூபாய் செலவு. 300 ஷீட் அடிக்குது. ஷீட்டுக்கு 10 ரூபாய்தான். ஆனா, பேப்பரும் மையும் அதே 40. மொத்தம் 50. வேகம் 30 மடங்கு ஏறியும் அடக்கவிலை பாதிதான் ஆச்சு!

இன்னொரு சிக்கலும் இருக்கு. அதே மெஷினுக்கு மணிக்கு 30 ஷீட்தான் வேலை வருதுன்னு வைங்க. ஷீட்டுக்கு 140 ரூபாய்... பழைய மெஷினே தேவலை! அதனால, வேலை குவியும் பெரிய கடைக்குத்தான் வேக மெஷின் கட்டுப்படியாகும். காலேஜ் வாசல் சின்னக் கடைக்காரர் என்ன பண்ணுவார்? ஃபைலை வாங்கி பெரிய கடைக்கு அனுப்பி கமிஷன் பார்க்கலாம். இல்லேன்னா லேமினேஷன், பைண்டிங், ஃபைலைச் சரிபண்ணித் தர்றதுன்னு கைவேலையில் சம்பாதிக்கணும். வெறும் பிரின்ட்டை மட்டும் நம்பினால் அவர் பாடு திண்டாட்டம்தான்.

சரி, உங்க பர்ஸுக்கு என்ன வழி? ஒரே மெஷின் கறுப்பையும் கலரையும் ஒரே வேகத்தில் அடிக்கும்போது, 'கலர்' என்பதற்காகவே கூடுதல் காசு கேட்பது கஷ்டம். ஷீட்டில் எவ்வளவு மை என்பதுதான் பேச்சாகும். ஷீட் முழுக்க கறுப்பு வானம் பூசிய நைட் வியூ ரெண்டரிங் வேணுமான்னு யோசிங்க. வகுப்பே சேர்ந்து மொத்தமா ஃபைல் கொடுத்தா, பேரம் பேச உங்களுக்குத் தெம்பு வரும். ஸ்கேல், மார்ஜின் எல்லாம் சரிபார்த்த பி.டி.எஃப்.-ஆக் கொடுங்க. மெஷின் நிமிஷத்தில் முடிச்சாலும், தப்பான ஃபைலைத் திருத்த கடைக்காரருக்கு அரை மணி நேரம் ஆகும். இனிமே அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நீங்க காசு கொடுக்கப் போறீங்க!