உறைகட்டியா, புற்றா?

முதுநகர்ப் பக்கம் ஒருத்தருக்குக் கால் வீங்கினா, பெரியவங்க வாயில் முதலில் வருவது யானைக்கால். கடலோரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த நோய், தப்பில்லை. ஸ்கேன் எடுத்தால் சிலருக்குச் சிரையில் ரத்தம் உறைந்திருப்பது தெரியும். உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் கதை அங்கேயே முடியும்.

மிகச் சிலருக்கு முடியாது. அந்தச் சிலரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இரண்டு கால்களின் ரத்தமும் இதயத்துக்குத் திரும்புவது கீழ்ப்பெருஞ்சிரை வழியாக. அதன் சுவரில் நம் சொல்லுக்குக் கட்டுப்படாத மென்தசை உண்டு. அதில் தோன்றும் புற்றுதான் லெயோமயோசார்க்கோமா. 1871-ல் பெர்ல் என்பவர் பிணப்பரிசோதனையில் கண்டு முதன்முதலாக எழுதினார். பெண்களிடம்தான் அதிகம், அதுவும் ஐம்பதைத் தாண்டிய பிறகு.

கட்டி பெரும்பாலும் குழாய்க்கு வெளிப்புறமாக வளரும். அதனால் முதலில் வருவது மங்கலான வயிற்றுவலியாகவே இருக்கலாம். கீழ்ப்பகுதியை அடைத்தால் கால் வீங்கும். மேலே கல்லீரல் சிரைகளை அடைத்தால் வயிற்றில் நீர் கோக்கும். ஆனால் மெதுவாக அடைப்பதால் உடம்பு மாற்றுவழி தேடிக்கொள்கிறது. முதுநகரிலிருந்து சிதம்பரம் போகும் பாதை அடைபட்டால், விருத்தாசலம் கிளைப்பாதையில் சுற்றிப் போகிற மாதிரி. நோய் இவ்வளவு நாள் ஒளிஞ்சிருக்க இதுவும் ஒரு காரணம்.

உறைகட்டியா புற்றா என்று பிரிப்பதுதான் முக்கியமான இடம். உறைந்த ரத்தத்துக்குத் தனி ரத்த ஓட்டம் கிடையாது, புற்றுக்கு உண்டு. சாய மருந்து செலுத்தி சி.டி. எடுத்தால் புற்று அந்தச் சாயத்தை உறிஞ்சி வெளுப்பாகத் தெரியும், வெறும் உறைகட்டி தெரியாது. சந்தேகம் வந்தால் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். நீண்ட செல்கள் கற்றைகற்றையாக இருக்கும். டெஸ்மின், ஆக்டின் போன்ற தசைப்புரதங்களுக்கான சாயமேற்றம் உறுதி செய்யும். இந்தச் சோதனைக்கு முன்னால் கத்தி வைக்க அவசரப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குணமாக்கும் வாய்ப்பு அறுவையில்தான். கட்டியோடு சிரையின் அந்தப் பகுதியையும் வெட்டி எடுப்பார்கள், சில நேரம் வலது சிறுநீரகத்தையும் சேர்த்து. இடைவெளியில் செயற்கைக் குழாய் வைப்பதுண்டு. மாற்றுவழி நன்றாக உருவாகியிருந்தால் சிரையைக் கட்டிவிட்டு அப்படியே விடுவதும் உண்டு! கல்லீரல், ரத்தக்குழாய் இரண்டிலும் கை தேர்ந்த குழு வேண்டிய வேலை. நம்ம ஊர்க்காரங்களுக்குப் பக்கம் என்றால் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் சென்னை.

எடுத்த பிறகும் பலருக்கு நுரையீரலிலோ கல்லீரலிலோ திரும்ப வருகிறது. அப்போது டாக்ஸோரூபிசின் போன்ற மருந்துகள் கட்டுப்படுத்தப் பார்க்கும். அதனால் காயம் ஆறியபின்னும் பல வருஷத்துக்கு, குறித்த இடைவெளியில் சி.டி. எடுத்துக்கொண்டே இருக்கணும்.